கையை வீசிட்டுப் போனா கவரோடதான் வரணும்!

(தலைப்பு: வீட்டுக் குப்பை குறைய வேண்டுமானால் முதலில் மாற வேண்டியது கடைவீதியா, சமையலறையா? இடம்: கயத்தாறு. ‘சமையலறையே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

மதிப்பிற்குரிய நடுவர் அய்யா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் அடுக்கடுக்காகக் குற்றச்சாட்டுகளை வீசிவிட்டு இப்போது ஒன்றும் தெரியாத மாதிரி தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற அண்ணாச்சி அவர்களே, பந்தல் கொள்ளாமல் வந்திருக்கிற கயத்தாறு பெருமக்களே, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே வீட்டில் டி.வி. பார்க்கிற தாய்மார்களே!

அய்யா, அண்ணாச்சி பத்து நிமிஷம் பேசினாங்க. “கம்பெனிக்காரன் பாக்கெட்டில் போட்டு விக்கிறான், கடைக்காரன் கவரில் போட்டுத் தாரான், பாவம் வாங்குகிறவன் என்ன செய்வான்?” என்று கண்ணீர் வராத குறையாகக் கேட்டாங்க. பேசி முடிச்சாங்க. உட்கார்ந்தாங்க. கையை நீட்டினாங்க. எதை எடுத்தாங்க? பிளாஸ்டிக் பாட்டில் தண்ணி! (சிரிப்பு, கைதட்டல்)

கேட்டா என்ன சொல்லுவாங்க தெரியுமா? “மேடையில வச்சிருந்தாங்கம்மா, குடிச்சேன்.” அதுதான் அய்யா கேஸே! வச்சிருந்தாங்க, எடுத்தோம். குடுத்தாங்க, வாங்கினோம். வேண்டாம்னு சொல்ல ஒரு சொம்பு நம்ம கையில இல்லை. இதோ பாருங்க, நான் வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில்ல தண்ணி கொண்டு வந்திருக்கேன். உடனே என்னைப் பெரிய ஆளுன்னு நினைச்சிராதீங்க. நான் செஞ்ச தப்பு ஒண்ணு இருக்கு. அதை இன்னிக்குச் சொல்லத்தான் இந்த அணியில் பேர் கொடுத்தேன். அதுக்குப் பிறகு வாரேன்.

இது கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். 1799 அக்டோபர் 16. இந்த ஊர் மேடையில் ஏறுகிறவர்கள் அவர் பேரைச் சொல்லாமல் இறங்க முடியாது. அவருக்கு வீரவசனம் எப்போ வந்தது? வெள்ளைக்காரன் வரி கேட்டப்போ. நமக்கு எப்போ வருது? கடைக்காரர் “பை கொண்டாரலியா?” என்று கேட்டால் வருது. “ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்குறேன், ஒரு கவர் தரமாட்டீரா?” (சிரிப்பு) ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்குறவருக்கு ஒரு துணிப்பை எடுத்துட்டு வர நேரம் இல்லை.

நான் பிறந்தது உடன்குடிப் பக்கம். தேரிக்காடும் பனங்காடும்தான். இந்தக் கரிசல்ல வாக்கப்பட்டு வந்து 34 வருஷம் ஆச்சு. எங்க ஆச்சி பனையோலையில் முடையாத சாமான் கிடையாது. நார்ப்பெட்டி, கொட்டான், கடவம், மிட்டாய்ப்பெட்டி. கருப்பட்டி ஓலைப்பெட்டியில் இருக்கும். கருவாடு ஓலைப்பெட்டியில் வரும். பதநீர் குடிக்கப் போனால் டம்ளர் கிடையாது. பச்சை ஓலையை மடக்கிப் பட்டை பிடிச்சுத் தருவாங்க. இரண்டு கையாலும் ஏந்திக் குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டால் ஆடு தின்னும், இல்லாட்டி மண்ணு தின்னும். யூஸ் அண்டு த்ரோ என்கிறதைக் கண்டுபிடிச்சதே பனையேறிதான். ஆனா அவர் தூக்கிப் போட்டது மக்கிப் போச்சு. நாம தூக்கிப் போடுறது பேரன் காலத்திலயும் கிடக்கும். (கைதட்டல்)

பழைய காலத்தில் எல்லாமே சரியாக இருந்ததா? இல்லை, அதையும் சொல்லணும். பேப்பர்ல மடிச்ச வடையை அதே பேப்பர்ல வச்சுப் பிழிஞ்சு எண்ணெய் எடுத்துச் சாப்பிட்டோம். அந்த மை உடம்புக்கு ஆகாதுன்னு மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016-ல எச்சரிக்கை விட்டது. பீப்பாய் எண்ணெயில் கலப்படம் நடந்ததால்தான் சமையல் எண்ணெயை உதிரியாக விற்கக்கூடாதுன்னு சட்டமே வந்தது. அதனால நான் எல்லாப் பாக்கெட்டையும் திட்ட வரலை. மருந்துக்கு வேணும். எண்ணெய்க்கு வேணும். உளுந்துக்கு எதுக்கு? உப்புக்கு எதுக்கு? வெங்காயத்துக்கு எதுக்கு அய்யா? அதுக்குத்தான் கடவுளே ஏழெட்டுத் தோல் போட்டு அனுப்பியிருக்காரே! (சிரிப்பு)

எதிரணித் தம்பி ஒரு நல்ல பாயிண்ட் சொன்னார். “தினக்கூலி வாங்குறவன் ஒரு ரூபாய் பாக்கெட்தான் வாங்க முடியும், அவனைக் குறை சொல்லாதீங்க” என்றார். சரிதான். தலை வணங்குறேன். அந்தச் சின்னப் பாக்கெட்டின் கதையே நம்ம தமிழ்நாட்டுக் கதைதான் தம்பி. கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்று ஒருத்தர். பணக்காரங்க பாட்டில்ல வாங்குற ஷாம்புவை ஏழையும் வாங்கணும்னு சின்னப் பாக்கெட்டில் அடைச்சு வித்தார். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல தனியா வந்து சிக் ஷாம்பு ஆரம்பிச்சார். அவர் ஒரு திட்டம் கொண்டு வந்தார். அஞ்சு காலிப் பாக்கெட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒரு பாக்கெட் ஷாம்பு சும்மா! முதல்ல எந்தக் கம்பெனிப் பாக்கெட்டானாலும் சரின்னாங்க. பிறகு எங்க பாக்கெட் மட்டும்தான்னாங்க. அது வியாபாரத் தந்திரம்தான், ஊரைச் சுத்தமாக்க வந்த திட்டம் இல்லை. ஆனால் காலிப் பாக்கெட்டுக்கு ஒரு விலை இருந்தது பாருங்க, அதைக் கவனிக்கணும். விலை இருக்கிற பொருளை யாரும் சாக்கடையில் போடமாட்டாங்க.

நீலகிரியில் 2022-ல என்ன செஞ்சாங்க? காட்டுல உடைஞ்சு கிடக்கிற பாட்டில் யானைக் காலைக் கிழிக்குதுன்னு வழக்கு வந்து, ஐகோர்ட் சொன்னதன் பேரில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கினாங்க. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்ப வரும். பாட்டிலெல்லாம் திரும்பி வந்துச்சு! நிக்க முடியாத மனுஷன்கூட பாட்டிலைப் பத்திரமாகப் பிடிச்சுக்கிட்டு வந்து கொடுத்தான். (பலத்த சிரிப்பு) குடிச்சவனுக்கு இருக்கிற பொறுப்பு குடிக்காத நமக்கு இருக்கா அய்யா?

“ஆகா, இந்த அம்மா நம்ம பாயிண்டையே பேசுது” என்று எதிரணி சிரிக்கிறது தெரியுது. சிரிங்க. சட்டம் வேண்டாம்னு நான் சொல்லலை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுற 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. இந்தியா முழுவதும் 2022 ஜூலை 1-லிருந்து 19 வகைக்குத் தடை. இடையில் 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ திட்டம் வந்தது. மஞ்சள் பை கொண்டு போறவனைப் பட்டிக்காட்டான்னு சிரிச்ச நாம, அந்தப் பையை மிஷின்ல காசு போட்டு வாங்குற காலம் வந்தது. எத்தனை கல்யாண வீட்டில் தாம்பூலப் பை வாங்கியிருப்போம்? அதெல்லாம் எங்கே? பீரோவுக்கு மேல, பரண்ல, தலையணைக்கு அடியில! கடைக்கு மட்டும் போறதே இல்லை. சட்டம் கடைக்காரர் கையைப் பிடிக்கும். நம்ம வீட்டு ஆணியில் தொங்குற பையை எடுத்து நம்ம கையில் கொடுக்குமா? அதைத்தான் கேட்கிறேன்.

இப்போ எங்க வீட்டுக் கணக்கைச் சொல்றேன். நாலு பேர் இருக்கிற வீடு. ஒரு வாரம் வீட்டுக்குள்ள வந்த கவர், பாக்கெட் எல்லாத்தையும் கழுவிக் காயப்போட்டு ஒரு சாக்குல சேர்த்தேன். எங்க வீட்டுக்காரர், “ஏட்டி, பழைய சாமான் கடை வைக்கப் போறியா?” என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கொட்டி எண்ணினேன். 61! ஒரு வாரத்துக்கு! நான் ரொம்பச் சிக்கனமான பொம்பளைன்னு நினைச்சுக்கிட்டிருந்தவ அய்யா.

பிரிச்சுப் பார்த்தேன். பால் கவர் 14. மாவுப் பாக்கெட் 3. பிஸ்கட், சிப்ஸ் இந்த மாதிரி பிள்ளைங்க கொறிச்சது 16. பலசரக்கு 9. காய்கறி, மீன் வாங்கின கவர் 6. மிச்சம் 13 எங்கேயிருந்து வந்தது? சனிக்கிழமை ராத்திரி ஒரே ஒரு வேளை ஓட்டல் பார்சல்! “இன்னிக்கு நீ சமைக்க வேண்டாம்மா, ரெஸ்ட் எடு” என்று அன்பா வாங்கிட்டு வந்தார். தோசைக்குத் தாளு, தாளுக்குள்ள பிளாஸ்டிக் தாளு, சாம்பாருக்கு ஒரு பை, தேங்காய்ச் சட்னிக்கு ஒரு பை, காரச் சட்னிக்கு ஒரு பை, எல்லாத்தையும் தூக்க ஒரு பை. கொதிக்கிற சாம்பாரை அந்தப் பையில் ஊத்தி ரப்பர் பேண்ட் போட்டுச் சுத்தித் தாரான். அதை அவிழ்க்கத் தெரிஞ்சவன் தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கலை! (சிரிப்பு) கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டி, பாதி சாம்பார் தட்டுல, பாதி சட்டையில.

இதில் ஒரு விஷயம் தாய்மார்கள் தெரிஞ்சுக்கணும். எல்லாக் கவரும் ஒண்ணு இல்லை. பால் கவர் ஒரே வகைப் பிளாஸ்டிக். கழுவிக் காயவச்சுச் சேர்த்தால் பழைய சாமான்காரர் எடுத்துக்கிடுவார், உருக்கி வேற சாமான் பண்ணலாம். ஆனா அந்த மூலையைத் துண்டா வெட்டி எறியாதீங்க. அந்தச் சின்னத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. பாதி வெட்டித் தொங்க விட்டுருங்க. சிப்ஸ் பாக்கெட் இருக்கு பாருங்க, உள்பக்கம் வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கும். அது ரெண்டு மூணு வகைத் தாளை ஒட்டிச் செஞ்சது. பிரிக்க முடியாது. பழைய சாமான்காரர்கிட்ட நீட்டினா, “இதை நீங்களே வச்சுக்கோங்கம்மா” என்று போயிருவார். இரும்புக்குக் காசு கொடுக்கிற மனுஷன், கிழிஞ்ச செருப்பைக்கூட எடுத்துக்கிடுற மனுஷன், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்ற பொருளை நாம அஞ்சு ரூபாய் கொடுத்து வாங்குறோம்.

என்ன செஞ்சேன்? பெரிசா ஒண்ணும் இல்லை. வண்டிச் சாவி மாட்டுற ஆணியிலேயே துணிப்பையையும் மாட்டினேன். சாவி எடுத்தா பை கையில் இடிக்கும். எங்க வீட்டுக்காரர் மறந்துட்டேன்னு சொல்ல முடியாதுல்ல? இந்த ஆண்கள் இருக்காங்களே அய்யா, கல்யாணத்துக்குப் போகும்போது சட்டைப் பையில் சீப்பு வைக்க மறக்கமாட்டாங்க, கடைக்குப் போகும்போது கையை வீசிக்கிட்டுப் போவாங்க. கையை வீசிட்டுப் போனா கவரோடதான் வரணும்! (கைதட்டல்)

மீனுக்குத் தூக்குவாளி. தூத்துக்குடியிலிருந்து மீன் கொண்டு வர்ற அம்மாவே, “வாளியா? நல்லதாப் போச்சு தாயி” என்று ரெண்டு சாளை கூடப் போட்டுச்சு. மல்லி, மிளகாய், மஞ்சளை வெயிலில் காயவச்சு மில்லுல திரிச்சா ஆறு மாசத்துக்கு மசாலாப் பாக்கெட் வேண்டாம். அந்தத் தூளை வறுத்தரைச்ச குழம்புல போட்டுப் பாருங்க, தெருவே வந்து எட்டிப் பார்க்கும். எள்ளு வாங்கி, கருப்பட்டி போட்டு, செக்குல ஆட்டி நம்ம தூக்குல பிடிச்சிட்டு வந்தா எண்ணெய்ப் பாக்கெட் போச்சு. பருப்பு, உளுந்தெல்லாம் மூட்டையிலருந்து அளந்து கொடுக்கிற கடை இன்னும் நம்ம ஊர்ல இருக்கு. டப்பாவை நீட்டினப்போ கடைக்கார அண்ணாச்சி முதல் நாள் ஒரு மாதிரியாப் பார்த்தார். “டப்பா வெயிட்டை யாரு கழிக்கிறது?” என்றார். வெறும் டப்பாவை முதல்ல நிறுத்தினா ஆச்சு. ஒரு மாசம் கழிச்சு அவரே சொன்னார்: “தாயி, நாலு பேர் இப்படி வந்தா எனக்குக் கவர் காசு மிச்சம்.” கடைவீதி கெட்டது, கெட்டது என்கிறீங்களே, அந்தக் கடைவீதி நம்மளைப் பார்த்துத்தான் அய்யா மாறுது!

மாவுப் பாக்கெட்டைப் பத்தி மட்டும் நான் வாயைத் திறக்கமாட்டேன். காலையில் ஏழு மணிக்குப் பஸ் பிடிக்கிற மருமகள்கிட்டப் போய், “ஏம்மா, ஊறப்போட்டு ஆட்டக்கூடாதா?” என்று கேட்கிற மாமியாரா நான் இருக்க விரும்பலை. இன்னைக்கும் சில வாரம் எங்க வீட்டுக்கு மாவுப் பாக்கெட் வருது. குப்பையைக் குறைக்கிறேன்னு சொல்லி வீட்டுப் பொம்பளை முதுகை ஒடிக்கிறதுன்னா அந்தத் திட்டமே வேண்டாம். உளுந்து களையவும் கிரைண்டர் கழுவவும் ஆம்பளைங்க வந்தா அப்புறம் பேசலாம். (தாய்மார்கள் பலத்த கைதட்டல்)

மூணு மாசம் கழிச்சு மறுபடி எண்ணினேன். 61 இருந்தது 26 ஆச்சு. பிள்ளைங்க கொறிக்கிறது பாதி குறைஞ்சுது. கடலையை வறுத்து டப்பாவுல வச்சா சும்மா கிடக்காது. ஓட்டலுக்கு டிபன் கேரியர் போகுது. ஆனா அந்த 26-ல பால் கவர் மட்டும் அதே 14. அது குறையவே இல்லை.

ஏன் குறையலைன்னு சொல்றேன். சிரிச்சது போதும் அய்யா, இதைக் கொஞ்சம் கேளுங்க.

எங்க தெருவில் ஒரு மதினி மாடு வச்சிருந்தாங்க. புருஷன் இல்லை. ஒரே ஒரு பசுமாடு. காலையிலும் சாயந்தரமும் வாசல்ல வந்து குரல் கொடுப்பாங்க. நாங்க சொம்பை நீட்டுவோம், உழக்கால அளந்து ஊத்துவாங்க, மேல ஒரு கை கொசுறு. பாக்கெட்டும் கிடையாது, கவரும் கிடையாது. அந்தப் பால்ல எங்க மூணு பிள்ளைகளும் வளர்ந்தாங்க.

2016-ல அந்த மாடு தீவனம் எடுக்கலை. வயிறு உப்பிப் போச்சு. டாக்டர் வந்து பார்த்தார், ஊசி போட்டார். நாலாம் நாள் செத்துப்போச்சு. அறுத்துப் பார்த்தாங்க. உள்ள சாணி இல்லை அய்யா. கயிறு திரிச்ச மாதிரி கவரு, கவரு, கவரு. மாட்டுக்குக் கவரைத் தின்ன ஆசையா? உள்ள இருக்கிற சோத்து வாசனைக்கு வாயை வைக்கும். அதுக்கு அவிழ்க்கத் தெரியாது. முடிச்சோட முழுங்கும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் 2019-ல ஒரு பசுவுக்கு ஆபரேஷன் பண்ணி 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தாங்க. பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அந்த மாடு பிழைச்சுது. எங்க தெரு மாட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தெருவே கூடி நின்னுச்சு. நானும் நின்னேன். “எந்தப் பாவி போட்டானோ” என்று எல்லாரும் பேசினாங்க. நானும் பேசினேன். அப்போ அந்தக் குவியல்ல ஒரு பையைப் பார்த்தேன். கெட்டியான பை, பாதி எழுத்து இன்னும் தெரியுது. எங்க மூத்தவ கல்யாணத்துக்கு வெளியூர்ல போய்ப் பட்டு எடுத்த கடைப் பை. எங்க தெருவில் வேற யாரும் அந்தக் கடைக்குப் போனது கிடையாது. ஊசிப்போன சாம்பார் சாதத்தை அதில் போட்டு, நாய் இழுத்துரக் கூடாதேன்னு இறுக்கி முடிச்சுப் போட்டு, வேலி ஓரமா வீசுறது என் வழக்கம்.

(அரங்கில் அமைதி)

ஒரு பையினால மாடு சாகாதுன்னு எனக்குத் தெரியும். ஊர்ப் பை எல்லாம் சேர்ந்துதான் கொன்னுச்சு. ஆனா என் பையும் உள்ள இருந்தது. கம்பெனிக்காரன் அந்தப் பையைச் செஞ்சான், கடைக்காரன் கொடுத்தான். சோத்தை வச்சு முடிச்சுப் போட்டது இந்தக் கை. அண்ணாச்சி, நான் இந்த அணியில் நிக்கிறதுக்குக் காரணம் அதுதான்.

மதினி அதுக்குப் பிறகு மாடு வாங்கலை. இப்போ வேலைக்குப் போறாங்க. நாங்க அன்னைக்கு மறுநாளிலிருந்து பாக்கெட் பால். அந்த 14 கவர் ஏன் குறையலைன்னு இப்போ தெரியுதா?

எங்க ஊர்க் காத்து உங்களுக்குத் தெரியும். சும்மாவா இவ்வளவு காத்தாலை நட்டு வச்சிருக்கான்? வேலி ஓரம் வீசுற கவர் அங்கேயே கிடக்காது. ஊருக்கு வெளியே போய்ப் பாருங்க, ஒவ்வொரு சீமைக்கருவேல முள்ளிலும் ஒரு கவர் பூத்திருக்கும். மழை பெய்தால் ஓடையில் இறங்கும், ஓடை கடலைத் தேடிப் போகும். அங்கே மன்னார் வளைகுடா. முத்து விளைஞ்ச கடல். 21 தீவு, பவளப்பாறை, கடல்பசு எல்லாம் இருக்குன்னு 1986-ல தேசியப் பூங்காவா அறிவிச்ச இடம். கடல்ல மிதக்கிற கவர் ஆமைக்குச் சொறி மீன் மாதிரி தெரியுமாம். அதையும் விழுங்குது. கரையில மாடு, கடல்ல ஆமை. ரெண்டுக்கும் அவிழ்க்கத் தெரியாது.

நடுவர் அய்யா மணியில் கையை வச்சுட்டாங்க. அய்யா, ஒரே ஒரு நிமிஷம். இப்போ எங்க வீட்டில் மிச்சச் சோறு கவருக்குள்ள போறது கிடையாது. காய்த்தோல், வாழைத்தோல், சாதம், இதெல்லாம் வாளியில் தனியா. கொல்லையில் ஒரு குழி. முருங்கையும் கறிவேப்பிலையும் அதிலதான் நிக்குது. கவர் தனி, சோறு தனி. வீட்டில் வேற எதுவும் செய்ய முடியலைன்னாலும் இது ஒண்ணைச் செய்யலாம். சோத்து வாசனை இல்லாத கவரை மாடு திரும்பிப் பார்க்காது.

இந்தப் பை விஷயத்தை இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. எங்க வீட்டுக்காரருக்கே இப்போதான் தெரியும், அந்தா முன் வரிசையில் முழிச்சிட்டிருக்காங்க. மதினிகிட்டயும் சொல்லலை. ஆனா அவங்க வீட்டிலும் டி.வி. இருக்கு. இந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாகிறதுக்கு முன்னால நானே போய்ச் சொல்லியாகணும். நாளைக்குக் காலையில் அவங்க வேலைக்குக் கிளம்புறதுக்குள்ள போகணும். அதனால சீக்கிரம் முடிச்சுக்கிறேன்.



(நீண்ட கைதட்டல்)